இல்லறச் சிந்தனை: இருளோசை கேட்கும் பிள்ளைகள்

பட்டுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். கல்லூரியில் முதலாண்டு பயிலும் அவருடைய மகன், இரவுச் செபம் முடிந்ததும் அறைக்குள் சென்று, விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு படுத்துவிடுகிறானாம். ஒருநாள் அவன் அயர்ந்து உறங்கிய பின், அதனை எடுத்துத் தம் காதில் வைத்துப் பார்த்திருக்கிறார். பாட்டு இல்லை, தாளம் இல்லை, ஒரு சொல்லும் இல்லை. ஆழ்ந்த கிணற்றுக்குள் காற்றுச் சுழல்வது போன்றதோர் ஓசை மட்டும் நீண்டுகொண்டே இருந்ததாம். அன்னையின் உள்ளம் நடுங்கிவிட்டது. "இது பேய் இசையா? பிள்ளையைப் பங்குச் சாமியாரிடம் அழைத்துப் போகட்டுமா? அந்தக் கருவியைப் பிடுங்கி எறிந்துவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

இவ்வகைக் கேள்வி நமக்கு வருவது இது முதன்முறையன்று. ஆதலால் இத்திங்கள் இதனைப் பற்றியே சற்று விரிவாகச் சிந்திப்போம். ஒன்றைப் பழிப்பதற்கு முன் அது இன்னதென அறிவது நலமன்றோ?

இவ்விசைக்கு மேலைநாட்டார் 'டார்க் ஆம்பியன்ட்' என்று பெயரிட்டுள்ளனர். சூழ்நிலையோடு கலந்து நிற்கும் இசை ஆம்பியன்ட். அதன் இருண்ட வகை இது. சிந்தசைசர் என்னும் மின்னணுக் கருவியாலும் கணினியாலும் தாழ்ந்த சுருதியில் ஓர் ஒலியை எழுப்பி, அதனை நெடுநேரம் நிறுத்துவர். காற்று, நீர், இயந்திரம், மணி ஆகியவற்றின் ஒலிகளைப் பதிவுசெய்து, அப்பதிவின் வேகத்தைக் குறைப்பர். நாடாவின் வேகம் பாதியானால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். இப்படி மேலும் மேலும் இறக்கினால், பூசையில் அடிக்கும் சிறுமணிகூட மலைக்குள் எழும் உறுமலாக மாறிவிடும். அதற்குமேல் பெருங்குகையில் கேட்பது போன்ற எதிரொலியையும் ஏற்றுவர். அவ்வளவே இதன் தொழில்நுட்பம். பேய்க்கு இதில் வேலை ஒன்றும் இல்லை.

இவ்விசையின் வரலாறு ஒரு நோயாளியின் படுக்கையில் தொடங்குகிறது எனலாம். 1975ஆம் ஆண்டு பிரையன் ஈனோ என்னும் ஆங்கிலேய இசைவாணர் லண்டனில் கார் மோதிப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த தோழி ஒருத்தி யாழிசைத் தட்டு ஒன்றைக் கொடுத்துச் சென்றாள். அரும்பாடுபட்டு அதனைச் சுழலவிட்டுப் படுத்த பின்னரே, ஒலியளவு மிகக் குறைந்திருப்பதை அவர் உணர்ந்தார். எழுந்து சென்று திருத்த உடலில் வலு இல்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மழையோசையும் யாழோசையும் ஒன்றோடொன்று கலந்து ஒரே சூழலாகிவிட்டதை அன்று கேட்டார். 1978இல் அவர் வெளியிட்ட விமான நிலையங்களுக்கான இசைத்தட்டே 'ஆம்பியன்ட்' என்ற பெயரைத் தாங்கி வந்த முதல் தட்டு. இந்த ஈனோ கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, இப்ஸ்விச் நகரில் தெலசால் சகோதரர்கள் நிறுவிய பள்ளியில் பயின்றவர். 1982இல் அவர் தம் இளமைப்பருவத்துச் சதுப்பு நிலங்களையும் கடற்கரையையும் நினைந்து இன்னொரு தட்டு வெளியிட்டார். அதில் தவளையொலியும் பூச்சியொலியும் இருண்ட நாதங்களோடு இழைந்து வருகின்றன. ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் நடவான வயல்களிலிருந்து எழும் தவளைக் கூட்டத்தின் ஓசையைக் கேட்டு வளர்ந்த நம் தஞ்சை மக்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

1988இல் பாலின் ஆலிவரோஸ் என்னும் அமெரிக்க அம்மையார், தம் தோழர் இருவருடன், பழைய கோட்டை ஒன்றில் நிலத்துக்கு 14 அடி ஆழத்தில் இருந்த வெறும் நீர்த்தொட்டிக்குள் இறங்கி அக்கார்டியன் வாசித்தார். அங்கே எழுப்பிய ஓர் ஒலி அடங்குவதற்கு 45 வினாடிகள் ஆயின. ஆகவே அவர்கள் தம் ஒலியையே மீண்டும் மீண்டும் கேட்டு, பொறுத்திருந்து, அடுத்த சுரத்தைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆழ்ந்து கேட்டல் என்பதையே அந்த அம்மையார் பின்னர் ஒரு பயிற்சியாகக் கற்பித்தார். கிணற்றுக்குள் தலையை நீட்டிக் கூவி, எதிரொலிக்காகக் காத்திருந்த சிறுவர் எவரும் இதனை எளிதில் புரிந்துகொள்வர்.

மறைக்காமல் மற்றொன்றையும் கூறிவிடுகிறோம். இத்துறையில் சிலர் வேண்டுமென்றே கல்லறை, நரகம், பசாசு ஆகியவற்றின் படங்களை அட்டையில் அச்சிடுவதுண்டு. லஸ்ட்மோர்ட் என்னும் புனைபெயர் கொண்ட வேல்ஸ் நாட்டவர், குகைகளிலும் நிலவறைக் கல்லறைகளிலும் பதிந்த ஒலிகளைக் கொண்டு 1990இல் ஒரு தட்டு வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் 'ஹெரசி'; நம் பழைய ஞான நூல்களின் சொல்லில் 'தப்பறை'. இத்தகைய பெயர்களையும் படங்களையும் பெற்றோர் கண்ணால் பார்த்து, அவற்றைப் பற்றிப் பிள்ளையிடம் கேட்பது முறையே. ஆனால் அட்டைப்படம் வேறு, ஒலி வேறு. தாழ்ந்த ஒலிக்கு மதமும் இல்லை, மறுப்பும் இல்லை.

நீண்டு நிற்கும் ஒற்றை நாதத்தை மேலைநாட்டார் நேற்றுக் கண்டனர். நம் காவிரி நாடோ அதனைத் தொன்றுதொட்டு அறியும். தஞ்சாவூரில் பலா மரத்தைக் குடைந்து வீணையும் தம்புராவும் செய்யும் கைவினைஞர் இன்றும் உள்ளனர். தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. தம்புராவில் பாட்டு இல்லை. நான்கு தந்திகள் ஓயாமல் ஒரே ஆதாரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். குதிரையின்மேல் தந்திக்கு அடியில் ஒரு சிறு நூலைச் செருகினால்தான் அந்த ரீங்காரம் விரியும். அந்நூலுக்கு 'ஜீவா' என்று பெயர். உயிர் என்பது பொருள்.

நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரையும் மூத்தோர் நினைவுகூர்வர். ராகம் வாசிப்பவர் முன்னே நிற்பார். இவரோ பின்னே நின்று, கன்னத்தில் காற்றை நிறைத்து, மூச்சு அறாமல் ஒரே சுரத்தை ஊதிக்கொண்டிருப்பார். அவரை எவரும் புகழ்ந்ததில்லை. "அவனுக்கு இவன் ஒத்து ஊதுகிறான்" என்று நம் பேச்சுவழக்கு அத்தொழிலை ஏளனப் பொருளாகவும் ஆக்கிவிட்டது. ஆயினும் அந்த நாதம் நின்றால் ராகமும் நிலைதவறிவிடும். பின்னாளில் சுருதிப் பெட்டியும், அதன்பின் மின்னணுச் சுருதிப் பெட்டியும் ஒத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இன்று திருமண மேடைகளில் ஒரு சிறு பெட்டி மின்சாரத்தால் ஓயாது ஒலிக்க, அதன்மேல் நாகஸ்வரம் எழுகிறது. ஆக, நீண்டொலிக்கும் மின்னணு நாதம் நம் வீட்டுத் திருமணங்களுக்கு எப்போதோ வந்துவிட்டது. நாம்தான் அதனைக் கவனிக்கவில்லை.

இந்திய மண்ணில் மின்னணு இசைக்கென ஒரு கூடமும் இருந்தது. 1969இல் அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்னும் அமெரிக்கர் மூக் சிந்தசைசர் ஒன்றை நிறுவினார். கீதா சாராபாய் உள்ளிட்ட இந்தியர் சிலர் அங்கே பணிபுரிந்து நாடாக்களைப் பதிவுசெய்தனர். 1972க்குப் பின் அவை மறக்கப்பட்டுக் கிடந்தன. நெடுங்காலத்துக்குப் பின் கண்டெடுக்கப்பட்டு 2023இல் உலகுக்கு வெளியிடப்பட்டன. இந்த கீதா அம்மையார் 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஜ் என்னும் இசையாளருக்கு இந்திய இசையைக் கற்பித்தவர். இசையின் நோக்கம் யாது என்று கேஜ் வினவியபோது, மனத்தை அமைதிப்படுத்தி அதனை இறைவனின் ஏவுதலுக்குத் திறந்துவைப்பதே என்று தம் ஆசிரியர் கற்பித்ததை அவர் எடுத்துரைத்தாராம். எவ்விசையையும் அளந்து பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் நமக்குத் தெரியவில்லை.

அவ்வளவும் சரி, ஆனால் அமைதி தரும் தம்புராவும் அச்சம் தரும் இவ்வுறுமலும் ஒன்றாகுமா எனச் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இடியும் வெள்ளமும் புயலும் தாழ்ந்த குரலிலேயே பேசுகின்றன. ஆதலால் அக்குரலைக் கேட்டதும் உடல் எச்சரிக்கை கொள்கிறது. ஐரோப்பியப் பேராலயங்களின் பெரிய ஆர்கன்களில் 32 அடிக் குழாய் ஒன்று உண்டு. அதன் அதிர்வு வினாடிக்கு ஏறத்தாழ 16. காது அதனைக் கேட்பதைவிட நெஞ்சு அதனை உணர்கிறது. இறைவனின் மாட்சிமைக்கு முன் மனிதன் சிறியவன் என்பதை உணர்த்த, முன்னோர் அச்சமூட்டும் ஒலியை ஆலயத்துக்குள்ளேயே வைத்தனர்.

ஒலியோடு இருளையும் வைத்தனர். பழைய வழிபாட்டு முறையில் புனித வாரத்தில் 'டெனெப்ரே' என்றொரு வழிபாடு இருந்தது. இருள் என்பதே அப்பெயரின் பொருள். முக்கோணத் தண்டில் ஏற்றிய 15 மெழுகுதிரிகளைச் சங்கீதங்கள் முடிய முடிய ஒவ்வொன்றாக அணைப்பர். கடைசித் திரியை மட்டும் அணைக்காமல் பீடத்துக்குப் பின் மறைப்பர். அந்த இருளில் நூல்களையும் பலகைகளையும் தட்டிப் பேரோசை எழுப்புவர். பின்னர் அத்திரி மீண்டும் கொண்டுவரப்படும். எல்லாரும் பேசாமல் கலைவர். இன்றும் பெரிய வியாழன் தொடங்கி உயிர்ப்பு விழா வரை மணி அடிக்காமல், மரத்தட்டியின் வறண்ட ஓசையை நாம் கேட்கிறோம் அல்லவா? 88ஆம் சங்கீதம் ஆறுதலில் முடிவதில்லை, இருளிலேயே முடிகிறது. திருச்சபை அதனை ஒதுக்கிவிடவில்லை. வெள்ளிதோறும் இரவுச் செபத்தில் அதனைச் சொல்லுமாறு வைத்திருக்கிறது. துயருற்றவன் துயரின் மொழியிலேயே பேசலாம் என்பது நம் மரபு.

இப்போது அந்தத் தாயின் கடிதத்துக்குத் திரும்புவோம். கடிதத்தின் இறுதியில், எதையோ நினைத்து எழுதியது போல் ஒரு வரி இருந்தது: "கஜா புயலுக்குப் பிறகு அவனுக்கு நல்ல தூக்கமே இல்லை, அப்போது அவனுக்கு 11 வயது." அம்மா, தாங்கள் போகிற போக்கில் எழுதிய இவ்வரியே எம் கண்ணில் முதலில் பட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த அப்புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்ததைத் தாங்கள் அறிவீர்கள். இரவெல்லாம் அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டு இருளில் ஒடுங்கியிருந்த பிள்ளைகள் இன்று வாலிபர்கள். 2004 டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டத்தில் 6,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்ற கடலின் ஓசையை நினைவில் சுமப்போரும் நம் பங்குகளில் உள்ளனர். அவ்வோசை ஒருவருக்கு மீண்டும் காயமாகலாம். இன்னொருவருக்கு, தன் விருப்பப்படி எழுப்பவும் நிறுத்தவும் கூடிய ஓசையாக வந்து, பழைய அச்சத்தைச் சிறிது சிறிதாகப் பழக்கிக்கொள்ளும் வழியாகலாம். தங்கள் மகனுக்கு இவற்றுள் எது என்பதை நாம் இங்கிருந்து கூற இயலாது. அவனைக் கேட்டால்தான் தெரியும்.

ஆதலால் கருவியைப் பிடுங்க வேண்டாம். அவனோடு அமர்ந்து கேளுங்கள். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் தாழ்ந்த சுரங்கள் எழா, இரைச்சலே எழும்; எனவே அவனுடைய ஹெட்போனையே இரவல் கேளுங்கள். அல்லது ஞாயிறு மாலை கூடத்தில் நல்ல ஒலிபெருக்கி வைத்து, தகப்பனாரையும் உட்காரவைத்து, இருபது நிமிடம் பேசாமல் கேளுங்கள். பின்னர், "இதைக் கேட்கையில் உனக்கு என்ன தோன்றுகிறது, தம்பி?" என்று மட்டும் வினவுங்கள். விடை வர நேரமானால் காத்திருங்கள். புயலன்று இரவு தங்களுக்கும் அச்சமாக இருந்தது என்பதை அவனிடம் என்றாவது சொல்லியிருக்கிறீர்களா? இல்லையெனில் அதுவே நல்ல தருணம்.

சில வரம்புகளும் வேண்டும். 80 டெசிபல் அளவு ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்பது செவிக்குத் தீங்கு என உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. ஹெட்போனைக் காதில் வைத்தபடியே இரவு முழுதும் உறங்குவதும் கூடாது. பிள்ளை உணவை வெறுத்தால், நண்பர்களைத் துறந்தால், படிப்பை விட்டால், "நான் இருந்து என்ன பயன்" என்பது போன்ற சொல் வாயில் வந்தால், அது இசையைப் பற்றிய சிக்கலன்று. அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். பங்குச் சாமியாரிடமும் சொல்லுங்கள். ஆனால் பேயோட்டச் சொல்லியன்று, பிள்ளையோடு பேசச் சொல்லி.

பெற்றோரே, நம் பிள்ளைகள் இருளில் எதைக் கேட்கிறார்கள் என்று கவலைப்படுகிறோம். அவர்கள் தனியே கேட்கிறார்கள் என்பதே கவலைக்குரியது. ஒத்து ஊதுபவரைப் போல, புகழ் எதிர்பாராமல், பின்னே நின்று, மூச்சு அறாமல் உடன் ஒலிக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால், பிள்ளையின் ராகம் எவ்வளவு தாழ்ந்த ஸ்தாயிக்கு இறங்கினாலும் மீண்டு வர ஆதாரம் இருக்கும். இந்த ஞாயிறு மாலையே கூடத்தில் ஒரு நாற்காலியை அவன் அருகே இழுத்துப் போடுங்கள்.