அம்மம்மாவின் பற்றரி

சென்னையில் வளர்ந்த எமது தமக்கையாரின் மைந்தன் சென்ற விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வந்திருந்தான். மின்சாரம் நின்ற ஓர் இரவில் அம்மம்மா, "ரோச்சுக்குப் பற்றரி போடு ராசா" என்றார். "பேட்டரி, அம்மம்மா!" என்று பையன் விழுந்து விழுந்து சிரித்தான். எம் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டனர். பின்னர் இரண்டு நாட்களாக அம்மம்மா, "அந்தச் சாமான்" என்றே கேட்டு வந்தார். எமக்கு அது பொறுக்கவில்லை.

வாசகர்களே, அம்மம்மா சொன்னதில் பிழை யாது? ஆங்கிலேயர் அச்சொல்லின் நடுவொலியை மேற்பல்லின் பின்னுள்ள மேட்டில் நுனிநாவைப் பொருத்தியே ஒலிக்கின்றனர். எமது இரட்டித்த றகரமும் அவ்விடத்திலேயே பிறக்கின்றது; டகரத்துக்கோ நா மேல்நோக்கி வளைதல் வேண்டும். சென்னைப் பேச்சில் 'நேற்று' என்பது 'நேத்து' ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்து நாவோ பழைய ஒலியை இன்றும் விடவில்லை.

இவற்றையெல்லாம் பையனுக்கு விளக்கினோம். பொல்லாத கெட்டிக்காரன்! "அப்படியானால் வாழைப்பழத்தை ஏன் இங்கே எல்லாரும் 'வாளைப்பளம்' என்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டான். எம்மிடம் விடையில்லை. அம்மம்மாதான் முதலில் சிரித்தார்.

"முதலிலை பளத்தைச் சாப்பிடு ராசா. பிறகு பற்றரியைப் போடு."