மறதியும் குருதிப் பரிசோதனையும்

"வயது போனால் மறதி வரும்தானே" என நாம் சொல்லிக்கொள்வதால் எம்மவர் இல்லங்களில் அல்சைமர் நோய் பல ஆண்டுகள் மறைந்து கிடக்கின்றது. அதனை உறுதிசெய்ய விசேட மூளை ஸ்கானோ முள்ளந்தண்டு நீர்ப் பரிசோதனையோ வேண்டும். இவை மிகச் சிலருக்கே கிட்டுகின்றன. பி-டௌ217 என்னும் புரதத்தைக் குருதியில் அளந்து நோயறியும் முறையை, 1100 பேரைச் சேர்த்து ஆராயும் பணியை இலண்டன் யுனிவர்சிற்றி கொலிஜ் 2025இல் ஆரம்பித்தது.

ஆங்கில ஞாபக வினாக்களுக்கு எம் முதியவர் தடுமாறினால், அது மறதியா மொழிச் சிக்கலா என வைத்தியரே திகைக்கின்றார். குருதிக்கு அவ்விடர் இல்லை. எனினும் குருதி முடிவு மாத்திரம் போதாது, வினாக்களும் தொடரும். ஆதலால் குடும்ப வைத்தியரிடம் தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள்; அதற்குக் கட்டணம் இல்லை. பேரப்பிள்ளையை அழைத்துச் சென்றால், அன்பினால் அம்மம்மாவின் பிழையான விடையைத் திருத்திச் சொல்லிவிடும்!