பதக்கம் பாடமாகாது

இணையவழிக் கல்விக்கு உயிரூட்டுகிறோம் என்று பாடங்களோடு புள்ளிகளையும் பதக்கங்களையும் ஒட்டிவைத்து, இதுவே விளையாட்டு என்கிறார்கள். இது விளையாட்டன்று, கையூட்டு.

1971-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் பயிற்சி ஆசிரியர் மூவர் வகுப்பறைக்கென உருவாக்கிய 'ஒரிகன் டிரெயில்' கணினி விளையாட்டில், மேற்கே செல்லும் குடியேறிகளின் உணவையும் எருதுகளையும் மாணவரே திட்டமிட வேண்டும். தவறினால் பயணம் முடியும், மீண்டும் தொடங்கலாம். அங்கே வரலாறே விளையாட்டு. 2011-இல் 'ஃபோல்டிட்' ஆட்டக்காரர்கள், அறிவியலாளர் பத்தாண்டுக்கு மேல் திணறிய ஒரு புரதத்தின் வடிவத்தை மூன்றே வாரங்களில் கண்டறிய உதவினர். அங்கும் புள்ளிகள் உண்டு. ஆனால் புரதம் செவ்வனே மடிந்தால்தான் அவை ஏறும்.

நம் தேர்வுமுறை தவற்றைத் தண்டிக்கிறது. நல்ல விளையாட்டோ தவற்றைக்கொண்டே கற்பிக்கிறது. இணையக் கல்வி கடன்வாங்க வேண்டியது அந்தத் துணிவையே. பரிசு நின்றவுடன் நின்றுபோகும் படிப்பு படிப்பாகுமா?