மல்டிமீட்டர் வாங்கும் முன்

செம்பூரிலிருந்து நம் அங்கத்தினர் ஒருவர் கடிதம் வரைந்துள்ளார். அவருடைய புதல்வன் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் பயில்கிறான். வீட்டு மேஜைமேல் சிறு சர்க்யூட்டுகளை அமைத்துப் பார்ப்பதில் பேரார்வம் உடையவன். தந்தையாரிடமோ பத்தாண்டு கண்ட கார் ஒன்று உளது. இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் மூன்றாம் நாள் காலையில் அது மௌனம் சாதிக்கிறதாம். இருவருக்கும் பொதுவாக ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கலாமென்று லாமிங்டன் ரோட்டுக்குச் சென்றவர், சில நூறு ரூபாயிலிருந்து பல்லாயிரம் வரை விலை சொல்லக் கேட்டு, வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். எதை வாங்குவது என்பது அவர் வினா.

முதிய நேயர்கள் சிலர் பணிமனைகளில் ஆவோமீட்டரைக் கையாண்டிருக்கக் கூடும். பிரிட்டிஷ் தபால் இலாகாப் பொறியாளர் டொனால்டு மெக்காடி என்பார் கருத்தில் உதித்து 1923-இல் வெளிவந்த கருவி அது. ஆம்பியர், வோல்ட்டு, ஓம் என்னும் மூன்றின் முதலெழுத்துக்களே அதன் பெயர். இன்றும் நமக்கு வேண்டியவை பெரும்பாலும் அம்மூன்றே.

மிக மலிவான மஞ்சள் நிற மீட்டரைப் பலரும் ஏளனம் செய்வர். அது பொய் சொல்லும் என்பது அவர்கள் எண்ணம். நாம் அப்படிக் கருதவில்லை. கார் பாட்டரியின் 12.60 வோல்ட்டை அதுவும் ஏறக்குறையச் சரியாகவே காட்டும். குறை வேறிடத்தில் இருக்கிறது. அதன் 10 ஆம்பியர் துளையருகே, பியூஸ் இல்லை என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். மின்னோட்டத்தை அளக்கும் துளைக்குத் தடை என்பது அநேகமாகக் கிடையாது. சிவப்பு வயரை அத்துளையில் மறந்து விட்டுவிட்டு, வோல்ட்டு அளப்பதாக எண்ணிப் பாட்டரியைத் தொட்டால், பாட்டரியின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்ததற்கு ஒப்பாகும். நாமே ஒருமுறை ஸ்கூட்டர் பாட்டரியில் இவ்வாறு செய்தோம். வயரின் உறை உருகி விரலில் ஒட்டிக்கொண்டது. வடு இன்னும் மறையவில்லை. சுவரிலுள்ள 230 வோல்ட்டுப் பிளக்கில் செய்திருப்போமாயின் இப்பகுதியை எழுத நாம் இருந்திருப்போமோ, ஐயமே.

ஆகவே விலைச்சீட்டைப் பார்க்கு முன் இரண்டு பொருள்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, துளைகளின் பக்கத்தில் சி, ஏ, டி என்னும் மூன்றெழுத்தும் ஒரு ரோமன் எண்ணும். இரண்டு என்றிருந்தால் பிளக்கில் செருகும் சாதனங்களுக்கு ஏற்றது. மூன்று என்றிருந்தால் வீட்டு மின்பலகை வரைக்கும் ஏற்றது. ஆனால் அச்சிடுவதற்குச் செலவு அதிகமில்லையே! எனவே இரண்டாவதாக, பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். உள்ளே தடித்த பீங்கான் பியூஸ்கள் இருந்தால் நன்று. வெளியே 600 வோல்ட்டு என்று பறைசாற்றிவிட்டு, உள்ளே 250 வோல்ட்டு எழுதிய மெல்லிய கண்ணாடிக் குழாய் கிடக்குமானால், அந்த மீட்டரைக் கைகூப்பித் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பிள்ளைக்கு வேண்டியவை சில. தொடர்ச்சி பார்க்கும்போது தாமதமின்றி ஒலி எழுப்ப வேண்டும். கெப்பாசிட்டரையும் டையோடையும் சோதிக்க வேண்டும். 2000 எண்ணிக்கை மீட்டரில் ஐந்து வோல்ட்டு 5.00 என்று தெரியும். 6000 எண்ணிக்கையில் 5.000 என்று இன்னும் ஓர் இலக்கம் கூடும். வீட்டு இன்வர்ட்டர் சதுர அலை தருவதாயின் சாதாரண மீட்டர் ஏறத்தாழ 11 சதவீதம் கூட்டிக் காட்டும், 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' உடையது அவ்வளவு ஏமாறாது.

தந்தையாரின் கார்தான் நம்மைச் சற்று நிறுத்துகிறது. சில மணி நேரம் ஓய்ந்திருந்த பாட்டரி 12.6 வோல்ட்டு காட்டினால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8-லிருந்து 14.5 வரை இருக்க வேண்டும். இவை சரியாயிருந்தும் மூன்றாம் நாள் கார் எழவில்லையானால், நிறுத்தி வைத்த வேளையிலும் ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது என்று கொள்ளலாம். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பாட்டரிக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் துளை வழியாக இணைக்க வேண்டும். கதவுகளைச் சாத்தி அரைமணியேனும் பொறுத்திருங்கள்; இக்காலக் கார்களின் கணினிகள் உறங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் பெரும்பாலும் குற்றமில்லை. அரை ஆம்பியர் என்றாலோ நாளொன்றுக்கு 12 ஆம்பியர்-மணி போய்விடும். 35 ஆம்பியர்-மணிப் பாட்டரி மூன்று நாள் தாங்காது. அன்பருடைய காரின் நோய் இதுவாகவே இருக்கலாம். மீட்டர் இவ்வாறு இணைந்திருக்கையில் சாவியை மட்டும் திருப்பக் கூடாது. ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

அந்த நூறு ஆம்பியரையும் அளக்க ஆசைப்படுவோர் கிளாம்ப் மீட்டர் வாங்குவதுண்டு. எச்சரிக்கை: மலிவான கிளாம்ப் மீட்டர்களிற் பல, மாறுதிசை மின்னோட்டத்தை மட்டுமே அளப்பவை. பெட்டியில் டி.சி. என்றிருப்பது வோல்ட்டைப் பற்றியதாக இருக்கும். காரில் மாட்டினால் பூஜ்யம் காட்டும். ஆம்பியர் குறியின் அருகிலேயே டி.சி. உள்ளதா என்று பாருங்கள். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் காணும் ஆரஞ்சு நிறக் கேபிள்களை எந்த மீட்டர் கொண்டும் நாம் தொடலாகாது.

செம்பூர் அன்பருக்கு நம் யோசனை இது. 6000 எண்ணிக்கை, இரு மின்னோட்டத் துளைகளுக்கும் பீங்கான் பியூஸ், மூன்றாம் வகுப்பு 600 வோல்ட்டு: இவை அமைந்த நடுத்தர விலை மீட்டரே போதும். நாசிக்கின் ரிஷப், நவி மும்பையின் மெக்கோ முதலிய நம் நாட்டுக் கம்பெனிகளின் கருவிகளையும் கேட்டுப் பாருங்கள். கையிருப்பு இடங்கொடாவிட்டால் மஞ்சள் மீட்டரையே வாங்கிப் பிள்ளையிடம் கொடுக்கலாம். ஆனால் அது மேஜைமேலுள்ள சிறு பாட்டரிகளோடு நிற்க வேண்டும். சுவர்ப் பிளக்கும் காரும் அதற்கு விலக்கு.

எதை வாங்கினாலும், ஆம்பியர் அளந்து முடித்த கணமே சிவப்பு வயரை வோல்ட்டுத் துளைக்கு மாற்றும் வழக்கத்தைப் பிள்ளையும் தந்தையும் கைக்கொள்ள வேண்டும். கடையைவிட்டு இறங்கு முன் அதே அளவுள்ள பியூஸ் இரண்டு வாங்கி வாருங்கள். முதல் மாதத்திலேயே ஒன்று தேவைப்படும்.