‘பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினால் போதும்’ என்பது போதுமா?

2023 ஒக்ரோபரில் ஸ்கொட்லாந்தில் நண்பரொருவரின் வாகனத்தில் நான்கு நாட்கள் பயணம் செய்தேன். கிளாஸ்கோவில் வசிக்கும் அவர், பழைய சரக்கு வான் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, சிறு குளிர்சாதனப்பெட்டி முதலியவற்றை அமைத்துக் காம்பர் வானாக்கி வைத்திருக்கிறார். விளக்குக்கும் குளிர்சாதனப்பெட்டிக்கும் மின்சாரம் தருவது இருக்கையின் கீழுள்ள 200 அம்பியர்-மணி லித்தியம் பற்றரி. வாகனம் ஓடும்போது, முன்னாலுள்ள பற்றரியை நிரப்பும் ஒல்ரனேற்றரே இதையும் நிரப்பும் என்பது ஏற்பாடு.

இரண்டாம் நாட் காலை லொக் நெஸ் ஏரிக்கரையில் விழித்தபோது பற்றரி பாதிக்குமேல் இறங்கியிருந்தது. தேநீர் குடித்து முடிவதற்குள் சற்று ஏறட்டுமே என்று நண்பர் இயந்திரத்தை நின்ற நிலையிலேயே ஓடவிட்டார். கால் மணிநேரம் ஆகியிராது, எரிந்த வார்னிஷ் மணம் வந்தது. முன்மூடியைத் திறந்தால் ஒல்ரனேற்றருக்கு அருகே கையைக் கொண்டுபோக முடியவில்லை.

“பழசைக் கழட்டிப்போட்டு இதைப் பூட்டினாக் காணும் எண்டுதானே அண்ணை கடைக்காரன் சொன்னவன்” என்றார் நண்பர்.

அந்த ஒரு வாக்கியமே இக்கட்டுரைக்குக் காரணம். விளம்பர வாசகங்களைப் பல்லாண்டுகள் பக்கத்திலேற்றிய தொழில் எனது. முழுப் பொய்யை யாரேனும் கண்டுபிடித்துக் கடிதம் எழுதிவிடுவார்கள். இது பாதி உண்மை என்பதால் கேள்வியின்றித் தப்பிவிடுகிறது. புதிய பற்றரி பழையதன் இடத்தில் அளவாகப் பொருந்துவது உண்மை. அதன் வோல்ற்றளவும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அது மின்சாரத்தை வாங்கும் முறை முற்றிலும் வேறானது.

பழைய ஈய-அமிலப் பற்றரி, நிரம்ப நிரம்பத் தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் பற்றரியின் உட்தடை மிகக் குறைவு. ஏறத்தாழ நிரம்பும்வரை, கொடுப்பதையெல்லாம் ஒரே வேகத்தில் வாங்கிக்கொண்டிருக்கும். கொடுப்பவனின் நிலைமையைப் பற்றி அதற்குக் கவலையில்லை. ஒல்ரனேற்றரோ நீண்டநேரம் முழுச்சுமையில் உழைப்பதற்கென்று அமைக்கப்பட்டதன்று. அதைக் குளிர்விக்கும் விசிறி அதன் அச்சிலேயே சுழல்கிறது. வாகனம் நின்று இயந்திரம் மெதுவாக ஓடும்போது விசிறியும் மெதுவாகிவிடும். சுமை மட்டும் குறையாது. நெதர்லாந்தின் விக்ரன் எனர்ஜி நிறுவனம் 2019இல் வெளியிட்ட பரிசோதனைக் காணொளியொன்றில், குறைந்த வேகத்தில் சுழன்றபடி லித்தியம் பற்றரிக்கு மின்சாரம் கொடுத்த ஒல்ரனேற்றர் சில நிமிடங்களிலேயே புகைந்தது.

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உள்ளனர். இரு பற்றரிகளையும் ஒரு ரிலே மூலம் இணைத்துப் பல வருடங்கள் ஓடியும் தமக்கு எதுவும் நேரவில்லை என்பது அவர்களின் வாதம். அவர்கள் பொய் சொல்லவில்லை. நீளமான மெல்லிய கம்பியின் தடை மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தியிருக்கும். ஆனால் அந்தத் தடை கம்பியில் வெப்பமாகிறது என்பதையும், அக்கம்பி பலகைச் சுவருக்கும் பஞ்சுக்காப்புக்கும் இடையே ஓடுகிறது என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

தீர்வு எளியது: இரு பற்றரிகளுக்கும் இடையில் டி.சி-டி.சி சார்ஜர் என்ற கருவியைப் பொருத்துவது. 30 அம்பியர் கருவியாயின், லித்தியம் எவ்வளவு கேட்டாலும் 30 அம்பியருக்கு மேல் கொடாது; வாகனத்திடமிருந்து 35 முதல் 40 அம்பியர்வரை எடுக்கும். பற்றரிக்குரிய 14.2 முதல் 14.6 வோல்ற்றுவரையான அளவை அதுவே பேணும். மாசுக் கட்டுப்பாட்டுக்காக ஒல்ரனேற்றரின் வோல்ற்றளவைக் கணினியே ஏற்றி இறக்கும் பிற்கால ஐரோப்பிய வாகனங்களில் ரிலே சரிவர வேலை செய்வதேயில்லை. அங்கே இக்கருவி இன்றி வழியில்லை.

பியூஸ் விடயத்திலும் ஒரு தவறு பரவலாக உள்ளது. சாதாரண கம்பிக்கு ஒரு முனையில் பியூஸ் போதும். இந்தக் கம்பியின் இரு முனைகளிலும் பற்றரி இருப்பதால், நடுவில் எங்கே உரசி வெட்டுப்பட்டாலும் இரு பக்கமிருந்தும் மின்சாரம் பாயும். எனவே இரு முனைகளிலும், பற்றரிக்கு மிக அருகில், பியூஸ் வேண்டும். நண்பரின் வானில் ஒன்றுதான் இருந்தது.

குளிர் நாடுகளில் வாழும் நம்மவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பூச்சியம் பாகைக்குக் கீழே லித்தியம் பற்றரியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம், அதற்குள் ஏற்றலாகாது. ஏற்றினால் உள்ளே உலோக லித்தியம் படிந்து, மீளாத சேதம் உண்டாகும். நல்ல பற்றரிகளின் உள்ளிருக்கும் காவற் சுற்று இதைத் தடுத்துவிடும். ஆயினும் மலிவான பற்றரிகள் எல்லாவற்றிலும் அந்தத் தடுப்பு இருப்பதில்லை.

“இது இரும்புப் பொஸ்பேற் வகை, தீப்பற்றாது” என்பது விற்பனையாளரின் மற்றொரு சமாதானம். 2019இல் நோபல் பரிசு பெற்ற ஜோன் குட்இனஃப்பின் ஆய்வுகூடத்தில், 1990களில் உருவான இவ்வகை, மற்றைய லித்தியம் வகைகளைவிட வெப்பத்தை நன்கு தாங்குவது மெய்யே. பற்றரி தாங்கும், சரி. கம்பியும் ஒல்ரனேற்றரும் தாங்குமென்று யார் சொன்னார்கள்?

என் கோரிக்கை இதுதான்: ‘கழற்றிப் பூட்டினால் போதும்’ என்று விற்பவர்கள், ஓடும் வாகனத்தில் சார்ஜ் செய்வதற்குத் தனிக் கருவி தேவை என்பதையும் அதே அளவு எழுத்தில் பெட்டியின்மேல் அச்சிட வேண்டும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சிற்றெழுத்தில் அன்று. மொத்தச் செலவில் அக்கருவியின் விலை சிறு பங்கே. அதைச் சொன்னால் விற்பனை குறைந்துவிடும் என்ற அச்சத்தைத் தவிர, சொல்லாதிருக்க வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நண்பர் ஒல்ரனேற்றரை மாற்றி, 30 அம்பியர் சார்ஜரும் இரண்டாவது பியூஸும் பூட்டிவிட்டார். கிளாஸ்கோவிலிருந்து இன்வர்னெஸ்வரை மூன்றரை மணிநேரம் ஓடியும் பாதிப் பற்றரிதான் நிரம்புகிறது என்று இப்போது தொலைபேசியில் முறைப்படுகிறார்.