இறக்கத்திலும் ஒரு பரீட்சை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைப் பாதையில், 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்கி வருகிற கார்களில் சில, பெட்ரோல் மிச்சமாகும் என்ற நம்பிக்கையில் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, பாரம் முழுவதையும் பிரேக்கின் மேல் சுமத்தி உருண்டு வருகின்றனவென்றால், அதற்கு ஓட்டுகிறவரின் அசட்டுத் துணிச்சலைவிட, கியர் என்பது வேகத்துக்காக மட்டும் ஏற்பட்ட சாதனம் என்று அவரை நம்பவிட்ட பயிற்சியே பெரிதும் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

வேகத்தைக் கொடுத்து முறுக்கு விசையை வாங்கிக்கொள்வதே கியரின் வேலை. இன்ஜின் 110 நியூட்டன் மீட்டர் விசை தருகிற சிறிய கார் ஒன்றில், முதல் கியரின் விகிதம் 3.5 என்றும் அச்சுக்கு முன்னுள்ள கடைசிப் பல்சக்கரங்களின் விகிதம் 4 என்றும் வைத்துக்கொண்டால், உராய்வில் கழிவது போக, அவ்விசை ஏறக்குறைய 14 மடங்காகிச் சக்கரத்தைச் சேருகிறது. இரண்டாவது கியரின் விகிதம் 1.9 என்றால் 8 மடங்குகூட இல்லை. ஏற்றத்தில் முதல் கியர் கைகொடுப்பது இதனால்தான். ஆனால் டயர் தரையைப் பற்றும் சக்திக்கு ஓர் எல்லை உண்டாகையால், மழையில் ஊறிய செம்மண்ணில் முதல் கியரைப் போட்டு ஆக்ஸிலரேட்டரை அமுக்குகிறவரின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று குழி பறிக்க, இரண்டாவது கியரில் கிளட்சை மெல்ல விடுகிறவர் பலத்தைக் குறைத்ததனாலேயே கரையேறிவிடுகிறார்.

இறக்கத்தில் தாழ்ந்த கியர் இன்ஜினையே தடையாக்கி வண்டியைப் பின்னிழுக்கிறது. அத்தடை இல்லாதபோது பிரேக் காய்ந்து சூடேறிப் பிடிமானம் இழக்கிறது. மிச்சமாகும் என்கிற பெட்ரோலோ வெறும் பிரமை. கியரில் இறங்கும்போது இக்காலத்து இன்ஜின்கள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் எரிபொருளை நிறுத்திக்கொள்கின்றன. நியூட்ரலில்தான், இன்ஜின் அணையாதிருக்க அது செலவாகிறது.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், இறக்கத்தில் விரைந்து தாழ்ந்த கியருக்கு மாற்றவும், செங்குத்தான ஏற்றத்தில் நின்று பின்னுக்கு உருளாமல் கிளம்பவும் தெரிந்திருக்க வேண்டும் என்று லைசென்ஸ் பரீட்சைக்கே நிபந்தனை விதித்திருக்கின்றன. நாமோ சமதரையில் எட்டுப் போட்டுக் காட்டினால் திருப்தியடைந்துவிடுகிறோம். தஞ்சாவூர்க்காரர் மலைக்கு எங்கே போவார் என்று கேட்கலாம்; பரீட்சைத் திடலின் ஓரத்தில் மண்ணைக் கொட்டி ஒரு மேடு எழுப்ப அதிகம் செலவாகாது, அதன் நடுவில் நின்று கிளம்பி, மறுபுறம் பிரேக்கைத் தொடாமல் முதல் கியரில் அவர் இறங்கிக் காட்டட்டும்.