மணலி டவர்களுக்கு வயசு என்ன?

மணலியில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் இரண்டு விஷயம் கண்ணில் படும். ஒன்று, ரிஃபைனரி புகைபோக்கி. இன்னொன்று, டவர் லைன். எந்தக் கம்பியில் யாருடைய காத்தாடி சிக்கியிருக்கிறது என்று தெருப் பொடியனுக்குக் கூட அத்துப்படி. ஆனால் அந்த டவர் எத்தனை கே.வி., எந்தக் காலத்தது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். "அது ஈ.பி. டவருப்பா, கிட்ட போகாத!" அத்தோடு பேச்சு முடிந்தது.

பழைய டவர்களைப் பார்த்து இனம் காண்பது வேலையத்தவன் வேலை என்று சிரிப்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் இதற்கென்றே சங்கம் வைத்திருக்கிறார்கள். அங்கே தேசிய மின்கட்டமைப்பின் முதல் டவர் 1928 ஜூலையில் ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க் அருகே நின்றது என்று நாள் வரை சொல்வார்கள். "வெள்ளைக்காரனுக்கு பொழுது போகல" என்று விட்டுவிடலாம்தான். ஆனால் டவருக்குக் கீழேயே குடியிருக்கும் மணலிக்காரனுக்கு இது பொழுதுபோக்கு இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

முதலில், எப்படி அடையாளம் காண்பது? தரையில் நின்று, தள்ளி நின்று, கண்ணால்தான். கம்பியைத் தாங்கும் பீங்கான் தட்டுகளை எண்ணுங்கள். ஏழு முதல் ஒன்பது என்றால் பெரும்பாலும் 110 கே.வி. பதினான்கு, பதினைந்து என்றால் 230. இருபதைத் தாண்டி, ஒவ்வொரு கம்பியும் இரட்டையாகவோ நான்காகவோ ஓடினால் 400. இணையத்தில் கிடைக்கும் வேற்று மாநிலக் குறிப்புகளை நம்பி இறங்கினால் குழப்பம்தான். பக்கத்து ஆந்திராவில் 132, 220. நம்ம ஊரில் 110, 230.

இதிலும் பொறி இருக்கிறது. கடல் உப்பும் ஆலைத் தூசும் தட்டில் படியும், மார்கழிப் பனி அதை நனைக்கும், மின்சாரம் அதன் மேலேயே வழி பிடித்துத் தாவும். அதனால் கடலோரத்தில் தட்டுகளைக் கூட்டுவார்கள், அல்லது பீங்கானை எடுத்துவிட்டு ஒரே நீளமாக பாலிமர் இன்சுலேட்டர் போடுவார்கள். அப்போது டவர் பழசு, இன்சுலேட்டர் புதுசு! தட்டுக் கணக்கு மட்டும் போதாது. இரும்புச் சட்டத்தின் வடிவம், அடிப்பாகத்தின் அகலம், மாற்றிய கோணங்களின் நிறம் எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, தெரிந்து என்ன ஆகப் போகிறது?

வீடு கட்டும்போது தெரியும். "கம்பி தொடலையே" என்று மேல்மாடி எழுப்புகிறவர்கள் எத்தனை பேர்! தொட வேண்டியதே இல்லை, காற்றைத் தாண்டியே அடிக்கும். விதிப்படி கட்டடத்துக்கும் 110 கே.வி. கம்பிக்கும் பக்கவாட்டில் 2.9 மீட்டர், மேலே 4.6 மீட்டர் இடைவெளி வேண்டும். 230 என்றால் 3.8, 5.5. அதுவும் கம்பி வெயிலில் தொய்ந்து, காற்றில் ஆடி, மிக அருகே வரும் நிலையில் அளக்க வேண்டும். எத்தனை கே.வி. என்றே தெரியாதவன் எந்தக் கணக்கில் அளப்பான்? அபாயப் பலகை இருக்கிறதே என்பீர்கள். உப்புக் காற்றில் பலகை துருப்பிடித்து எழுத்து போய்விட்டால்?

இப்போது காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி. கம்பெனிகள் சட்டம் 2013, இரண்டாம் அட்டவணைப்படி மின்கடத்து லைனின் ஆயுள் 40 வருடம். எண்ணூர் அனல் மின் நிலையத்தின் ஐந்து யூனிட்களும் 1970-க்கும் 1975-க்கும் இடையே வந்தவை. 450 மெகாவாட் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அந்தக் காலத்து லைன் ஏதாவது இன்னும் நின்றால், கணக்குப் புத்தகத்தில் அது எப்போதோ ஆயுள் முடிந்த சொத்து. தெருவில் மட்டும் உயிரோடு நிற்கும்.

ஆடிட்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று என்ன? நிலைச் சொத்துகளின் முழு விவரம், எண்ணிக்கை, இருக்குமிடம் காட்டும் பதிவேடு இருக்கிறதா என்பதுதானே! ஆக, கோபுரம் வாரியாக இல்லாவிட்டாலும் லைன் வாரியாகவாவது பதிவேடு இருந்தாக வேண்டும். 2010-ல் வாரியம் பிரிந்தபின் லைன்கள் டான்டிரான்ஸ்கோ கையில். புதுசாக எதுவும் தயாரிக்கச் சொல்லவில்லை. இருப்பதை வெளியே வை என்பதுதான் கோரிக்கை. கேட்காமலே தகவல் தர வேண்டும் என்று 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவும் சொல்கிறது.

"பாதுகாப்பு ரகசியம்" என்று ஒரு பதில் வரும். ஊருக்கே தெரிகிற மாதிரி நூறடி உயரத்தில் நிற்பது ரகசியமா? இங்கிலாந்தில் டவர்கள் எங்கே நிற்கின்றன என்ற வரைபடத் தரவை நேஷனல் கிரிட்டே வெளியிடுகிறது. அங்கே என்ன குடி முழுகிப் போய்விட்டது?

"பழைய இரும்பைக் காப்பாற்றச் சொல்கிறாயா?" என்று இன்னொரு பதில் வரும். இல்லை. துருப்பிடித்த டவரைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றும் முன் ஒரு படம், ஒரு வருடம், ஒரு வகைப்பெயர் எழுதி வைத்தால் போதும். இல்லாவிட்டால் காயலான் கடைக்குப் போவது இரும்பு மட்டுமில்லை. இந்த ஊர் எப்படி மின்சாரம் சுமந்தது என்கிற கதையும் எடைக்குப் போய்விடும்.

2024 செப்டம்பர் 12 இரவு மணலி துணைமின் நிலையத்தில் தீப்பிடித்து, சென்னையின் பல பகுதிகள் இருளில் மூழ்கின. அன்றைக்குத்தான் பாதி நகரத்துக்கு மணலி வழியாக கரண்டு வருவதே தெரிந்தது. புகையும் நமக்கு, டவரும் நமக்கு. அதைப் பற்றிய விவரமாவது நமக்கு வேண்டாமா?

அடுத்த முறை காத்தாடியைத் தேடி அண்ணாந்து பார்க்கும்போது தட்டுகளையும் எண்ணுங்கள். எண்ணிக்கை என்னவானாலும் சரி, காத்தாடியை மட்டும் எடுக்கப் போகாதீர்கள். எண்ணிக்கை சொல்வது டவர் எதற்காகக் கட்டப்பட்டது என்பதை மட்டும்தான். இப்போது கரண்டு ஓடுகிறதா இல்லையா என்பதை அது சொல்லாது!